இரண்டு டப்பா மாத்திரை

எனக்கும் என் ஓரகத்தி பாண்டியம்மாளுக்கும் இதய ரத்தக்குழாயில் அடைப்பு. புது மருந்து ஆராய்ச்சியில் இருவரையும் சேர்த்து, ஆளுக்கொரு டப்பா மாத்திரை கொடுத்தார்கள்.

"சில டப்பா மாத்திரைல மருந்து இருக்கும், சிலதுல வெறும் மாவுதாம்மா. எதுலன்னு எங்களுக்கே தெரியாது" என்றார் நர்ஸ்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கக் கூச்சம்.

"ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிப் பங்கு வச்சுக்குவோம்க்கா. யாரும் ஏமாற வேணாம்ல" என்றாள் பாண்டியம்மாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் வாரம் அவள் அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"டப்பா நம்பரைச் சொன்னா, அதுல என்ன இருந்துச்சுன்னு ஆராய்ச்சி ஆபீஸ்ல அவசரத்துக்குக் கேட்டுக்கலாம். கலந்துட்டீங்களே, இவுங்க எதைச் சாப்பிட்டாங்கன்னு யார்ட்டம்மா கேக்குறது?" என்றார் டாக்டர்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். என் டப்பாவில் மருந்து இருந்ததா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கூச்சமாக இருந்தாலும், விளங்கும்வரை கேட்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை.