நெய் இருந்த இடம்

என் வீட்டுக்காரர் தோசையைப் பிட்டதும் வாயில் போட மாட்டார். முதலில் மடிப்பார். மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவார். பிறகு விரித்து சன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் டிரம் ஓட்டிய கை. அங்கே தோலை அப்படித்தான் பார்ப்பார்கள். மடிப்பில் வெடிப்பு விட்டிருந்தால் தோலுக்குள் எண்ணெய் ஏறவில்லை என்று பொருள்.

"பாருமே, வெடிக்குது."

"அது தோசங்க. ஷூ தெக்கறதுக்கா குடுத்தேன்?"

"ஷூவுக்கா இருந்தா ரிஜெக்ட் போட்டு திருப்பி அனுப்பிச்சிருப்பேன். பொண்டாட்டி சுட்டதாச்சே, தின்னுதான் ஆவணும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் எங்களிடம் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வேலூருக்குக் கொண்டுபோனோம். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தின் ஒரு பக்கத் தசை செத்துப்போயிருக்கிறது, அது திரும்ப வராது, மிச்சத்தைத்தான் காப்பாற்ற வேண்டும் என்றார் டாக்டர். எண்ணெய், நெய், டால்டா, தேங்காய், ஆட்டுக்கறி, எதுவும் ஜாஸ்தி கூடாது. அன்றிலிருந்து அந்த மிச்சத் தசைக்காகத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர் இருக்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கல்யாணமான புதிதில் நெய் வாங்க வக்கில்லாமல் டால்டா வாங்கினோம். மஞ்சள் டப்பாவிலிருந்து வெள்ளையாக, கெட்டியாக வரும். நெய்க்குப் பதில் அது. பண்டிகையென்றால் பருப்பில் ஒரு கரண்டி, கேசரியில் ரெண்டு கரண்டி. இப்போது டாக்டர் சொல்கிறார், நெய்யைவிட அதுதான் கெடுதல் என்று. ஒரு பதில் எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்ததா, தெரியாது. இங்கிருந்து வெளியேற நான் தேடியதும் இன்னொரு பதில்தான்.

ஏனென்றால் கொழுப்பை எடுத்துவிட்டால் அதன் இடம் காலியாகக் கிடக்கிறது. சட்டியில் அந்த இடம் தெரியும். குழம்பு தண்ணீர் வேறு, மசாலா வேறு என்று பிரிந்து நிற்கும், சண்டை போட்ட ஓரகத்திகள் மாதிரி. ஏலக்காயும் பட்டையும் வாசத்தை விடாமல் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாக்கில் பட்டது நாக்கில் தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் எதையாவது உட்கார வைக்க வேண்டும்.

தோலுக்கும் அப்படித்தான் என்பார் அவர். ஆட்டின் சொந்தக் கொழுப்பை முதலில் மெஷினில் வழித்து எறிந்துவிடுவார்கள். அது இருந்தால் தோல் நாறும், அழுகும். ஆனால் வழித்ததை அப்படியே காயவிட்டால் அப்பளமாக ஒடியும். அதனால் பதனிட்ட பிறகு, பால்போல் கலக்கிய எண்ணெய்த் தண்ணீரை டிரம்மில் ஊற்றிச் சுற்ற விடுவார்கள். முன்னெல்லாம் மீன் எண்ணெய். இப்போது கேனில் வருகிற கெமிக்கல் எண்ணெய்.

"புது எண்ணெ எப்பிடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாட கெடையாது. கற புடிக்காது. தோலு வெயிட்டு கம்மி. பையர் வந்து தடவிப் பாத்துட்டு சூப்பர்ன்றான்."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதுதான். தோலக் கேட்டா இன்னா சொல்லுமோ."

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடை. குளிரூட்டிய அலமாரியில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். கொழுப்பில்லாத தயிர், கொழுப்பில்லாத பிஸ்கட், கொழுப்பில்லாத ஐஸ்கிரீம், முட்டையும் எண்ணெயும் இல்லாமல் வழுவழுவென்று ஒரு மயோனைஸ். பொய் சொல்ல மாட்டேன், அந்த அலமாரிதான் எனக்குக் கோயிலாக இருந்தது. அவரும் ஆசையாகச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் நெஞ்சில் உட்காரும் பாரம் உட்காரவில்லை. தொப்பை வற்றியது, மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். ரத்தத்தில் கெட்ட கொழுப்பு இறங்கியது. "இப்பிடியே போங்கம்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பள்ளிகொண்டா தாண்டும்வரை மலையெல்லாம் எனக்காகப் பச்சையாக நின்றது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. அதுவரை அவருக்கு இல்லாத வியாதி.

சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். என் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். "கொழுப்ப எடுத்துட்டு மாவும் சக்கரையும் போட்டு ருசி காட்றாங்க ஆன்ட்டி. எல்லாத்துலயும் இல்ல. இதுல இருக்கு." குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கே வருத்தமாக இருந்தது போலிருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் படித்துப் படித்து வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் யார்தான் பின்பக்கம் படிப்பார்கள்.

பாக்கெட்டை விட்டேன். வெள்ளைப் பூசணியை வேகவைத்து மசித்தேன், குருமாவில் தேங்காய்க்குப் பதில். ஆடை எடுத்த பாலில் தயிர் தோய்த்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெண்ணெய்க்குப் பதில். கொஞ்சம் பாசிப்பருப்பை வழுவழுவென்று கடைந்து, கொழகொழப்புக்குப் பதில். கெட்டிக்கு ஒன்று கிடைத்தது, வழவழப்புக்கு ஒன்று கிடைத்தது. வாசனைக்கு மட்டும் பதில் கிடைக்கவே இல்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. அவர் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பசிக்கிறது என்றார். பிறகு கொஞ்ச காலத்தில் பசிக்கிறது என்று சொல்வதும் நின்றுபோனது. அதை நான் முன்னேற்றம் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு பாபி தன் மகள் கல்யாணத்துக்கு அவரை வந்தே தீரவேண்டும் என்றாள். போவதில் என்ன கஷ்டம்? போனால் பிரியாணி. எங்கள் ஊரில் அதைத் தொடாமல் திரும்புவது கல்யாண வீட்டை அவமதிப்பது. பாபியே வழி கண்டுபிடித்தாள். பிரியாணி வேகும் பெரிய தேக்சாக்களுக்கு ஓரமாக, அவருக்கென்று ஒரு சின்ன தேக்சா. நான் கட்டித் தொங்கவிட்ட தயிர், நான் கடைந்த பருப்பு, கொழுப்பு வழித்த தொடைக்கறி, சீரக சம்பா.

காலையில் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். "அக்கா, பிரியாணி செய்ய வந்த பண்டாரி கரண்டிய கீழ வெச்சிட்டாரு. நான் சமைக்க வந்தனா, வைத்தியம் பண்ண வந்தனான்றாரு."

"இன்னா சொன்ன நீ?"

"ரெண்டும் ஒண்ணுதான் பாய், அடுப்ப பத்த வைன்னேன்."

பந்தியில் அந்தத் தட்டு வந்தது. நிறம் அதே சிவப்பு, பக்கத்தில் அதே கத்திரிக்காய், அதே தயிர்ப் பச்சடி. அவர் சோற்றில் ரெண்டு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். பண்டாரி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, எழுந்து போய், "பாய், ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அவர் கையைப் பிடித்தார். பண்டாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

"கல்யாணத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்கமே. பிரியாணி மட்டும் வரல."

அதற்கப்புறம் வந்த மழைக்காலத்தில் கால் வீங்கத் தொடங்கியது. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைக்கு மேல் தலையணை வைத்து, உட்கார்ந்தபடியே தூங்கினார். சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் சுளித்தார். தோசையை மடிப்பதையும் விட்டுவிட்டார். எப்போது விட்டார் என்று நான் கவனிக்கவில்லை.

போன முறை போனபோது டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். கொழுப்பு நார்மல், சர்க்கரை பரவாயில்லை. "ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றார். பிறகு இதயத்தின் எக்கோ ஸ்கேனைப் பார்த்தார். இதயம் ரத்தத்தை இழுத்துத் தள்ளுகிற வலு இன்னும் குறைந்திருந்தது. செத்த தசை செத்ததுதான், மிச்சமும் களைத்துவிட்டது. நான் சமைத்தது அதன் ஆயுளைக் கூட்டியதா, அல்லது சமைக்காமலே இருந்திருந்தாலும் இதே நாற்காலியில்தான் இன்று உட்கார்ந்திருப்போமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. டாக்டருக்கும் தெரிந்திருக்காது.

உப்பும் தண்ணீரும் அளவாக இருக்கட்டும் என்றார். கதவுவரை வந்து, மெதுவாக, "மத்தபடி அவருக்குப் புடிச்சத குடுங்கம்மா" என்றார்.

இதைவிடப் பயங்கரமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. ஆனால் இவர் காரில் ஏறியதும் என் தொடையைத் தட்டினார். "கேட்டியா? பர்மிசன் குடுத்துட்டாரு. இனிமே நீ ஒண்ணும் பேச முடியாது." புரிந்துதான் சொன்னாரா, புரியாமல் சொன்னாரா. அதையும் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாபியும் நானும் சேர்ந்து செய்தோம். உப்பு மட்டும் குறைவு. நல்ல பசு நெய். கொழுப்போடு கறி. நெய்யில் பட்டை விழுந்ததும் வாசனை எழுந்து வீடெங்கும் நடந்தது. இத்தனை காலம் எங்கே போயிருந்தது அது? பாபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் ஜாஸ்தி" என்றாள். வெங்காயம் எப்போதோ வதங்கியிருந்தது.

கட்டிலிலேயே தட்டை வைத்தோம். அவர் ஒரு பிடி எடுத்தார். மென்றார். உதடு பளபளத்தது. இன்னும் ஒரு பிடி எடுக்கப் போன கை பாதியில் நின்றது. துண்டை எடுத்து உதட்டைத் துடைத்தார், அழுந்தத் துடைத்தார்.

"இன்னாமே இது. ஒரே எண்ணெயா கீது."

"நெய்யிங்க."

"ஒமட்டுது."

தட்டைத் தள்ளினார். கோபமில்லை. விருந்துக்குப் போன வீட்டில் வேண்டாம் என்று சொல்கிறவர்போல் கூசிக்கொண்டுதான் தள்ளினார். மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

"பூசணிக்கா மசிச்சி ஒண்ணு பண்ணுவியே. அது கீதா?"

பாபி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் போனேன். காயை நறுக்கி அடுப்பில் வைத்தேன். வெந்து மசிவதற்கு அது நேரமெடுக்கும். கட்டிலோரத் தட்டை எடுத்துவர மறந்திருந்தேன். அங்கே ஆறிய சோற்றின் மேல் நெய் வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது.

"ஆச்சாமே?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"இன்னும் வேகலைங்க."