நொய்யும் காக்கிக் கால்சட்டையும்

சித்தூரில், நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் தந்தை வைத்தியம் பார்த்துக்கொண்ட டாக்டரிடம் ஒரு நீலத் திரவம் இருந்தது. அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சிறுநீரில் சில துளிகள் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூடுதல். செங்கல் நிறம் வந்துவிட்டால் அதற்கு மேல் நிறம் கிடையாது. நைனாவின் குழாய் ஒவ்வொரு முறையும் அந்த நிறத்தில்தான் போய் நின்றது.

திருப்பதியில் விடுதியில் தங்கி இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான், தீபாவளி விடுமுறையில் அவருடன் போயிருந்தேன். "பொங்கல் வரை பார்ப்போம். அப்போதும் இப்படியே இருந்தால் தினமும் ஊசிதான்" என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. வலிக்கு அஞ்சுகிறவர் அல்லர். அவர் நில அளவைத் துறையில் இருந்தார். மெட்ராஸ் மாநிலத்தோடு எல்லை பிரிக்கும் வேலைக்காக நகரியிலிருந்து சத்தியவேடு வரை அளவுச் சங்கிலியோடு வரப்பு வரப்பாக நடந்தவர். களவேலை முடிந்ததும் படம் வரைய மேசையில் உட்கார்த்திவிட்டார்கள். அடுத்த அளவை முகாமுக்குத் தன்னை அழைப்பார்கள் என்று காத்திருந்தார். தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவரைக் கூடாரத்துக்கு யார் அனுப்புவார்கள்?

எனக்கு விளங்காதது ஒன்று இருந்தது. டாக்டர் சொன்னபடி ஆடி மாதமே அவர் சோற்றை விட்டுவிட்டார். மூன்று வேளையும் கேழ்வரகுக் களிதான். ரயில் நிலையத்து எடை எந்திரமும் குறைந்ததாகவே காட்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் இளைத்துவிட்டார் என்றார்கள். பிறகு ஏன் செங்கல் நிறம்?

வீட்டுக்கு வந்ததும் நைனா முகாமில் அணிந்த காக்கி அரைக்கால்சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தார். "எளைச்சுட்டேன் இல்ல, இப்போ தாராளமா சேரும்" என்றார். தொடைப்பக்கம் துணி தொளதொளவென்று ஆடியது. இடுப்பிலோ பொத்தான் துளையை எட்டவில்லை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "காலு ரெண்டும் கொக்குக் காலு ஆயிட்ச்சி. வயிறு மட்டும் வெச்சது வெச்சா மாதிரி கீது."

எடை எந்திரம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் சொல்லியிருந்தது. எங்கே குறைந்தது என்பதைக் கால்சட்டை சொன்னது.

மறுநாள் காலை அம்மா களி கிண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு விழுவதற்கு முன்பே பானையில் வெள்ளையாக ஏதோ கொதித்தது.

"இது இன்னாம்மா?"

"நொய்யி. ஆஸ்டல்ல துன்னு துன்னு களி கிண்டறதே மறந்துபோச்சா?"

"அரிசிதானே இது?"

"அரிசி எங்க கீது? உங்க நைனாவுக்கு அரிசி போட்டு மூணு மாசம் ஆவுது. இது களிக்குப் போடற நொய்யி. இது இல்லாம கிண்டினா தொண்டையில எறங்குமா?"

அம்மா ஏமாற்றவில்லை. எங்கள் பக்கத்தில் சோறு என்பது தட்டில் வெள்ளையாக விழுவது; உடைந்த அரிசி களிக்குள் போய்விட்டால் அதை யாரும் அரிசிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நைனாவும் சேர்க்கவில்லை. நானும் அந்தக் களியைத் தின்று வளர்ந்தவள்தான். அன்றுவரை எனக்கும் தோன்றியதில்லை.

அன்றே நைனாவோடு போய் டாக்டரிடம் நொய்யைப் பற்றிச் சொன்னேன். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரரான அவருக்கு எங்கள் களி தெரியாது; நிமிர்ந்து பார்த்தார். "ராகிக்குள் அரிசியா? உருண்டை எவ்வளவு பெரிது?" நைனா சற்றுத் தயங்கி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்த இடைவெளியில் ஒரு சிறு பரங்கிக்காய் வைக்கலாம்.

கால்சட்டையைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து நைனாவின் தொடையை அழுத்திப் பார்த்தார். "எடை குறைகிறதே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். குறைந்தது கொழுப்பு அல்ல, சதை. சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிச் செலவு செய்வது இந்தச் சதைதான். வயிற்றுக் கொழுப்பு அதற்கு இடைஞ்சல். மேசையில் உட்கார்ந்தது போதும், நடங்கள்" என்றார்.

களி சிறுத்தது, நொய் நின்றது, கொள்ளும் பயறும் சேர்ந்தன. நைனா விடியற்காலையில் கங்காதர நெல்லூர் சாலையில் நடக்கத் தொடங்கினார். வேட்டி தடுக்குகிறது என்று அந்தக் காக்கியையே போட்டு, சேராத இடுப்பின்மேல் துண்டைச் சுற்றிக்கொண்டார். பக்கத்து சைக்கிள் கடைக்காரர் விடவில்லை. "இன்னாண்ணா, மறுபடியும் அளக்கப் போறியா? எங்க தெருவைக் கொண்டுபோயி மெட்ராஸ் பக்கம் தள்ளிடாதே."

"உன் கடையை மட்டும் தள்றேன்" என்று நைனா நிற்காமலே சொன்னார்.

பொங்கலுக்கு நான் வந்ததும் மீண்டும் போனோம். குழாய் சூடேறியது. நீலம் கலங்கிப் பச்சையாயிற்று. மஞ்சள் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கை அணைத்த பிறகும் பச்சையாகவே இருந்தது. நைனா குழாயைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

"ஊசி இப்போது வேண்டாம். முகாம் வந்தால் போங்கள். அங்கேயும் நடக்கத்தானே போகிறீர்கள்" என்றார் அவர்.

வீட்டில் நைனா மறுபடியும் பொத்தானைப் போட்டுப் பார்த்தார். தொடையில் துணி முன்போல் ஆடவில்லை. இடுப்பில் ஒரு விரல் அளவு இன்னும் மீதி இருந்தது.

"குடுங்க, பொத்தானைத் தள்ளித் தெச்சிடறேன்" என்றாள் அம்மா.

"வேணாம். எல்லைக் கல்லைப் புடுங்கி வேற எடத்துல நட்டா அப்புறம் எதை வெச்சி அளக்கறது?" என்று நைனா துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டார்.