மஸ்கட்டுக்கு ரெண்டு மணி பத்து நிமிஷம்

மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் சின்னப்பனின் குரலைப் பேசிக்காட்டாத ஆளே கிடையாது. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு "எறங்கிருச்சா? சேதாரம் எவ்ளோ?" என்றால் போதும், அச்சு அசல் அவரேதான். தக்காளி லாரி போய்ச் சேர்ந்ததும் டிரைவரிடம் அவர் கேட்பது அந்த இரண்டையும்தான். இருபத்தாறு வருஷமாக வெளியூர்களுக்குத் தக்காளி லாரி அனுப்புவதுதான் வேலை. எந்த லாரி இப்போது எங்கே ஓடும் என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நேரம் தவறினால், அதே ரோட்டில் பின்னால் வருகிற லாரிக்குப் போன் போடுவார். "தம்பி, நம்ம வண்டி எங்கனா ஓரங்கட்டி நிக்குதா, பாத்துட்டு வா."

அவருடைய ஒரே மகள் ஸ்டெஃபிக்கு மஸ்கட்டில் ஆஸ்பத்திரி லேப் வேலை கிடைத்தது. பெங்களூரில் காலை பத்து மணிக்கு விமானம். மகளை விட்டுவிட்டு நேராக மண்டிக்கு வந்த சின்னப்பன், டிக்கெட் போட்டோவை எல்லாருக்கும் காட்டினார்.

"கெளம்பறது பத்து, எறங்கறது பன்னெண்டு பத்து. ரெண்டு மணி பத்து நிமிஷம். மதுரைக்கே நம்ம வண்டி ஆறு மணி நேரம் ஓட்டுது!"

எடை போடும் தீர்த்தகிரி போனில் தூரத்தைத் தேடினான். "ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டருங்கண்ணா! ரெண்டு மணி நேரத்துலயா? டிரைவரு செம ஓவர் ஸ்பீடு போல."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னப்பன் சிரிக்கவில்லை. தொப்பூர் மலையிறக்கத்தில் வேகமாக இறங்கிக் கவிழ்ந்த லாரிகளை அவர் கண்ணால் பார்த்தவர்.

பன்னிரண்டு பத்து ஆனது. தரம் பார்க்க எடுத்த தக்காளி கையிலேயே இருந்தது. போன் அடிக்கவில்லை. பன்னிரண்டரைக்கு அவரே அழைத்தார். சுவிட்ச் ஆஃப். ஒரு மணிக்கும் சுவிட்ச் ஆஃப்.

வீட்டிலிருந்து மனைவி ராயம்மாள் கூப்பிட்டாள். "என்னங்க, புள்ள பேசினாளா? மூணாவது தடவயா ஜெபமாலை சொல்லிட்டிருக்கேன்."

"டவர் இல்லயாம். நீ சாப்புடு." வைத்ததும் தீர்த்தகிரியின் பக்கம் திரும்பினார். "அதே ரூட்ல பின்னால எந்த பிளேன் வருது? யாருகிட்டடா கேக்கறது?"

கிண்டல் செய்தவன் மறுபடி போனை எடுத்தான். ஆறுதலாக இருக்கட்டும் என்று மேப்பை விரித்துக் காட்டினான். திரை முழுக்க நீலம்.

"அத்தனையும் கடலா?" சின்னப்பன் திரையைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "இதுல எங்கடா ஓரங்கட்டுவான்?"

அதற்குப் பிறகு யாரும் மூட்டை தூக்கவில்லை. ஒன்றேமுக்காலுக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்துக் காதில் வைத்தவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"எறங்கிருச்சா?"

"எறங்கியாச்சுப்பா! பக்கத்து சீட்டு அக்கா போன்ல பேசறேன். கரெக்டா பன்னெண்டு பத்துக்கு எறக்கிட்டாங்க."

"பொய் சொல்லாத கண்ணு. இங்க மணி ஒண்ணே முக்கா."

"ஐயோ, இந்த ஊரு கடிகாரம் நம்மூர விட ஒண்ணர மணி நேரம் பின்னாடிப்பா. டிக்கெட்ல எறங்கறதுக்குப் போட்டிருந்தது இங்கத்த மணி. நாங்க பறந்தது மூணு மணி நாப்பது நிமிஷம்."

சின்னப்பன் மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு, பழக்கத்தில், "சேதாரம் எவ்ளோ?" என்றார்.

மண்டியில் ஒருவரும் அதைப் பேசிக்காட்டவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்று ஸ்டெஃபி சிரித்தாள். "அங்க?"

அவர் குனிந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். விரலிடுக்கில் சிவப்பாகச் சாறு வழிந்தது.

"ஒரு பழம்."