இருப்பதிலேயே மந்தமான கேமரா

அந்த ஜிப் தொழிற்சாலையில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். உலகத்தில் பாதிப் பேருடைய மானம் தங்கள் கையில்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு கர்வம். அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய முகமும் ஒரே ஒரு பெண்மணியின் கையில் இருந்தது. அவளை எல்லோரும் ஆச்சாக்கா என்று கூப்பிட்டார்கள்.

ஆச்சாக்கா பணியாளர் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. லீவு விண்ணப்பம் வாங்குவது, தாமதமாக வந்தவர்களின் பெயருக்கு எதிரே சிவப்பு மசியில் சுழிப்பது, சைக்கிள் டோக்கன் தொலைத்தவர்களைத் திட்டுவது என்று வேலை ஏராளம். அதெல்லாம் சம்பளத்துக்கு. அவள் உயிர் இருந்தது மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு பொந்தில். அங்கே ஒரு நீலப் பலகை, ஒரு கால் குட்டையான ஸ்டூல், நினைத்துக்கொண்டு எரிகிற ஒரு ட்யூப் லைட். வேலைக்குச் சேருகிற யாராக இருந்தாலும் முதல் நாள் அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். அடையாள அட்டைக்கு ஆச்சாக்கா போட்டோ எடுப்பாள்.

எடுப்பது ஒரு கையடக்க டிஜிட்டல் கேமரா. அதற்குப் பதின்மூன்று வயது. கேமரா ஜாதியில் அது தொண்ணூறுக்குச் சமம். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. லென்ஸ் வெளியே வர மறுத்தால் தொடையில் ஒரு தட்டு. பொத்தானை அமுக்கினால் உடனே எடுத்துவிடுகிற அவசரபுத்தி அதற்குக் கிடையாது. முதலில் உள்ளே எலி பிறாண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் யோசனை. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வருகிற மாதிரி, மூன்று விநாடி கழித்துத்தான் ஃப்ளாஷ் அடிக்கும். அதற்குள் ஸ்டூலில் இருப்பவர் தாடையைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, பிடித்த மூச்சை விட்டு, "ஆச்சா?" என்று கேட்டிருப்பார். கேட்கிற நேரத்தில் பளிச்.

இப்படியாக அவளைத் தவிர அத்தனை பேரும் கழுத்தில் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். புருவம் கொஞ்சம் மேலே, வாய் கொஞ்சம் திறந்து, கண்ணில் ஒரு அப்பாவித்தனம். ஆனால் அத்தனையும் அச்சு அசலாக அவரவர் முகம். "என் கல்யாண போட்டோல இருக்கறது யாரோ ஒருத்திக்கா. இதுலதான் நான் இருக்கேன்" என்று பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி அட்டையைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருந்தாள். பத்து வருஷம் கழித்துத் தாடியும் தொப்பையுமாக ஊர் திரும்பிய ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்ட அவர் அம்மா, அட்டையைப் பார்த்த பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாராம்.

ஆச்சாக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "எல்லாம் கைராசி" என்பாள். மனதார நம்பவும் செய்தாள்.

எல்லா அட்டைகளையும் புதுப்பிக்க வேண்டிய வருஷமாகப் பார்த்துக் கேமரா காலை வாரியது. ஒரு நாள் லென்ஸ் பாதி வெளியே வந்து, நாக்கை நீட்டியபடி நின்றுவிட்டது. தொடையில் தட்டினாள். மேசையில் தட்டினாள். கெஞ்சினாள். ரிப்பேர் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவங்களே இதை மறந்திருப்பாங்கம்மா" என்று கையை விரித்தார்.

மேனேஜர் புதியவர். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாற்றுவதற்கு என்ன கிடைக்கும் என்று பசியோடு இருந்தார்.

"சுவர்ல மாட்டற மெஷின் ஒண்ணு வந்திருக்கும்மா. ஆள் போய் முன்னால நின்னா அதுவே எடுத்துக்கும். எதுக்கு இந்தப் பொந்து, ஸ்டூல் எல்லாம்?"

"அப்ப நான் சார்?"

"பல் போன ஜிப் கிடங்குல ஆள் இல்லைன்னு சொல்றாங்க."

பல் போன ஜிப் கிடங்கு என்பது தொழிற்சாலைக்குக் கடைசியில், ஜன்னல் இல்லாத அறை. கழித்துப்போட்ட ஜிப்புகளை மூட்டை கட்டுகிற இடம். அங்கே போன கடைசி குமாஸ்தா நாளடைவில் ஜிப்புகளோடு பேச ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாளில் அவை பதில் சொல்லவும் ஆரம்பித்தன என்று கேள்வி.

ஆச்சாக்காவின் முகத்தைப் பார்த்து மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, ஒரு புதுக் கேமரா வாங்குங்க. முதல்ல இருபது பேருக்கு எடுங்க. நல்லா வந்தா நீங்களே எடுக்கலாம். இல்லைன்னா மெஷின்."

அன்றைக்கு மத்தியானமே தொழிற்சாலையில் அறுநூற்றுப் பன்னிரண்டு கேமரா நிபுணர்கள் முளைத்தார்கள்.

"மெகாபிக்சல் நிறைய இருக்கணும்க்கா" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். எத்தனை என்று கேட்டால், "நிறைய" என்றார்.

"தண்ணியில விழுந்தாலும் கெடாததா பாரும்மா" என்றார் லாரி டிரைவர்.

"பொந்துக்குள்ள ஏதுண்ணே தண்ணி?"

"வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்றைக் காட்டி, "இதுல நிலாவுல இருக்கற பள்ளமே தெரியும் மேடம்" என்றார்.

"எங்க ஆளுங்க மூஞ்சியில இருக்கற பள்ளம் தெரியாம இருந்தா போதும்ப்பா."

"அப்ப இதைப் பாருங்க. நீங்க கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள மூணு எடுத்துடும்."

ஆச்சாக்கா சிமிட்டிப் பார்த்தாள். எடுத்துவிட்டது. பதின்மூன்று வருஷமாக எலிச் சத்தம் கேட்டுக் காத்திருந்தவளுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. இந்த வேகம் அன்றைக்கே இருந்திருந்தால் தன் கைராசி எங்கேயோ போயிருக்குமே என்று நினைத்து, அதையே வாங்கிவிட்டாள்.

இருபது பேரையும் அரை மணியில் எடுத்து முடித்தாள். முதல் ஆளாக மேனேஜரே வந்து உட்கார்ந்திருந்தார். படங்கள் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தன. மூக்கு நுனியில் இருந்த வியர்வையைக்கூட எண்ணலாம். ஆனால் ஒருவர் சத்தியப் பிரமாணம் எடுக்கிறவர் போல இருந்தார். ஒருவர் பாம்பைப் பார்த்தவர் போல. பேக்கிங் பெண் கரண்டியை முழுங்கிவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பவள் போல. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று அட்டைகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் கூட்டம்.

கேட்டுக் காவலுக்கு இருந்தவருக்குக் கழுகு என்று பெயர். அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். சொந்த மச்சானாக இருந்தாலும் அந்த மூன்று பார்வை உண்டு.

"கார்டுல இருக்கறது யாரு?"

"நான்தாண்ணே! தினம் உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தானே போறேன்?"

"நீ தினம் வர்றே. இவன் இன்னைக்குத்தான் வந்திருக்கான். ஓரமா நில்லு."

பத்தொன்பது பேர் ஓரமாக நின்றார்கள். இருபதாவதாகக் காரிலிருந்து மேனேஜர் இறங்கினார். கழுகு பார்த்தார், பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"சாயல் இருக்கு சார். ஆனா கார்டுல இருக்கறவரு ஏதோ தேர்தல்ல நிக்கறவரு."

"யோவ், நான் மேனேஜர்யா!"

"மேனேஜரைப் பார்க்கணுமா? பார்வையாளர் நோட்டுல எழுதிடறேன்." எழுதிக்கொண்டு, மேனேஜர் அறைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "மேனேஜர் இன்னும் வரலை சார். உட்காருங்க, வந்துடுவாரு."

அட்டையோடு முகம் பொருந்தாத யாரையும் உள்ளே விடாதே என்று போன வாரம் ஆணை போட்டதே மேனேஜர்தான். ஆகையால் அவர் வாயைத் திறக்க வழியில்லாமல், உதவி மேனேஜர் ஓடி வந்து கையெழுத்துப் போடுகிற வரை, இருபத்தைந்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜிப்புக்குப் பல் வைக்கிற இயந்திரங்கள் ஆளில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றார் ஆச்சாக்காவிடம்.

ஆச்சாக்காவின் கணவர் இரண்டு தெரு தள்ளிச் சலூன் வைத்திருந்தார். சாயங்காலம் அவள் நேராக அங்கேதான் போனாள். கடையில் ஆள் இல்லை. அவரையே சுழல் நாற்காலியில் உட்காரவைத்தாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷர், கேமராவைப் பார்த்ததும் கடன் கேட்க வந்தவனைப் பார்த்த மாதிரி விறைத்துக்கொண்டார். எடுத்தாள். அதே விறைப்பு. கொஞ்சம் பொறுத்து அமுக்கலாம் என்று விரலைத் தூக்கியபடியே நின்று பார்த்தாள். அவரும் விரலையே பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார். முகம் நீலமாக ஆரம்பித்தது.

"எதுக்குங்க இப்படி உசிரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றீங்க?"

"நான் மட்டுமா? இந்த நாற்காலியில உட்கார்ற எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து ஒரு முகத்தை வச்சுக்குவாங்க. அரை மணி அந்த முகத்துக்குத்தான் முடி வெட்டறேன். ஆச்சுன்னு துணியை உதறினேன்னு வை, அப்பதான் சொந்த முகம் வரும்."

சொல்லிவிட்டு எழுந்து, வாசலைப் பார்த்தபடி, "ஆச்சா? கடைக்கு ஆள் வர்ற நேரம்" என்றார். புருவம் கொஞ்சம் மேலே, வாய் கொஞ்சம் திறந்து.

ஆச்சாக்கா பைக்குள் கையை விட்டுப் பழைய அட்டைகள் நாலைந்தை எடுத்துப் பார்த்தாள். நாற்காலியில் அவளே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுங்க. என் கைராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது லேட்டா எடுத்துச்சு. அவ்வளவுதான். ஊரே என்னை ஆச்சாக்கா, ஆச்சாக்கான்னு கூப்பிடுது, எனக்கு மட்டும் உறைக்கலை பாருங்க!"

கணவர் சீப்பைத் துடைத்தபடி சொன்னார்: "கைராசிதான் போ. அப்படி ஒரு சனியனை வேற யாரா இருந்தாலும் முதல் வாரமே குப்பையில போட்டிருப்பாங்க. நீ பதிமூணு வருஷம் தொடையில தட்டித் தட்டிக் குடும்பம் நடத்தியிருக்கே."

அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"இதை மாத்திக் குடுங்க. இருக்கறதுலயே மந்தமானதா ஒண்ணு வேணும்."

விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். "மந்தமானதா?"

"அமுக்கினா உடனே எடுக்கக் கூடாது. கொஞ்சம் சோம்பேறியா இருக்கணும். எலிச் சத்தம் இருந்தா நல்லது, இல்லாட்டியும் பரவாயில்லை."

"மேடம், மந்தமானதை இப்ப எந்தக் கம்பெனியும் செய்யறதில்லை."

"ஏன் செய்யறதில்லை? வாங்க ஆள் வந்திருக்கேனே!"

அவர் அலமாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தன் பன்னிரண்டு வருஷத் தொழிலில் வேகம் குறைவான சரக்கைக் கேட்டு ஒருவரும் அழுததில்லை. கடைசியில், இந்த அம்மாவை எப்படியாவது வாசலுக்கு அனுப்பினால் சரி என்று, அவள் கேமராவிலேயே கடிகாரம் போட்ட ஒரு குறியைத் தட்டினார். "தானா நின்னு தன்னையே எடுத்துக்கறவங்களுக்காக வச்சது. இப்ப அமுக்குங்க. ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் எடுக்கும்."

அமுக்கினாள். முன்பக்கம் சிவப்பு விளக்கு மின்னியது. பீப் பீப் என்றது. எடுத்தது.

"வேகமா ஓடத் தெரிஞ்சதுக்கு நடக்கவும் தெரியும்னு அன்னைக்கே சொல்லக் கூடாதா?" என்று அவரையே திட்டிவிட்டு வந்தாள்.

பீப் சத்தத்தை அடைத்தாள். சிவப்பு விளக்கு மின்னினால் ஆள் சுதாரித்துக்கொள்வார் என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். இரண்டு விநாடி போதாதே, பழையதற்கு மூன்றாயிற்றே? அதற்கும் வழி கண்டாள். "கொஞ்சம் சிரிங்க" என்று முன்னாலேயே சொல்லி, அவர்கள் விறைத்து ஒரு விநாடி ஆன பிறகு அமுக்குவது.

வியாழக்கிழமை மேனேஜர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். தேர்தல் முகத்தை மாட்டிக்கொண்டார். ஆச்சாக்கா அமுக்கினாள். சத்தம் ஒன்றும் இல்லை. மேனேஜர் காத்தார். மூச்சு விட்டார். ஸ்டூல் குட்டைக் கால் பக்கமாக ஆடியது.

"ஆச்சா?"

பளிச்.

திரையில் இருந்தவர், புது ஊரில் வழி கேட்கத் தயங்கி நிற்கிற ஒரு நல்ல மனிதர். மேனேஜர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நானா?"

"நீங்கதான் சார்."

அச்சடித்த அட்டையின் சூடு ஆறுவதற்குள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்வழியாக வெளியே போய், கேட் வழியாகத் திரும்பி வந்தார். ஆச்சாக்கா மாடி ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் போன ஜிப்புகள் அத்தனையும் அவள் வயிற்றுக்குள் கலகலத்தன. கழுகு அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"வணக்கம் சார்! வாங்க. திங்கட்கிழமை உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்தாரு. கொஞ்சம் கோபக்காரர். இருபத்தஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போயிட்டாரு."

சுவர் மெஷின் என்ற பேச்சு அதற்கப்புறம் யார் வாயிலும் வரவில்லை. அறுநூற்றுப் பதினொரு அட்டைகள் அடித்து முடித்த அன்று, "உங்களோடது எங்கேம்மா?" என்றார் மேனேஜர். ஆச்சாக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை. அவள் அட்டையில் ஸ்டூடியோவில் எடுத்த பழைய படம்தான் இருந்தது. கழுகு கேமராவை வாங்கிக்கொண்டார். ரகசியம் தெரிந்தவள் ஆயிற்றே, இரண்டு விநாடிதானே என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு, சினிமாக்காரி மாதிரி லேசாகச் சிரித்தபடி இருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழு. கழுகு பொத்தானைப் பாதி அமுக்கியபடி, அட்டை பார்க்கிற மாதிரியே அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அமுக்கித் தொலைச்சீங்களா இல்லையா? இங்கே எனக்கு வாய் வலிக்குது, அங்கே என்ன கோலமா போடறீங்க?"

பளிச்.

வீட்டில் கணவர் அந்த அட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

"இது நீதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "எந்தக் கேட்டுலயும் நிறுத்த மாட்டாங்க."