நின்ற எண்

ரேடியோ, மின்விசிறி என்று எதைக் கொண்டுபோனாலும் திறந்து பார்த்துவிடும் அந்த மெக்கானிக்குக் கடைவீதியில் ‘ஹோல்ட்’ என்று பெயர். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரில் ஓடும் எண் நின்றதும் ஹோல்ட் பட்டனை அமுக்கித் தாளில் எழுதிக்கொண்டால்தான் அவருக்கு நிம்மதி. குதிக்கிற எண்ணை மனிதர் மதிக்கவே மாட்டார். கம்பி சரியாகத் தொடவில்லை என்று தள்ளிவிடுவார்.

தனியாக இருக்கும் அக்காவுக்கு அவசரப் பட்டன் ஒன்று செய்து கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். அமுக்கினால் இவர் வீட்டிலிருக்கும் மணிப்பெட்டி அடிக்கும். பேட்டரி ஒரு வருஷம் வரும் என்று தன் கைப்பட எழுதிப் பின்னால் ஒட்டியும் கொடுத்தார்.

இருபத்திரண்டாம் நாள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும்வரை இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தாள். தகவல் தெரிந்து ஓடிய தம்பி, அவளைப் படுக்கவைத்த பிறகு பட்டனை அமுக்கிப் பார்த்தார். மணி அடித்தது. பேட்டரியை அளந்தார். மூன்று வோல்ட், அசையாமல் நின்றது.

“நீ அமுக்கவே இல்லக்கா. பதட்டத்துல அமுக்கினதா நெனச்சிருக்க” என்று சொல்லிவிட்டார்.

பட்டன் அமுக்கத் தெரியாதவளுக்குத் தனி வீடு எதற்கு, உன்னோடு வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு அக்கா பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

பட்டன் கடைக்கு வந்தது. அமுக்கினார், சத்தமில்லை. கொஞ்சம் பொறுத்து அமுக்கினார், அடித்தது. இதென்ன கூத்து என்று, பட்டன் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க மீட்டரைக் கோத்தார். 0.02 மில்லியாம்ப். செய்த அன்று எழுதிய அதே எண், பேட்டரியின் கொள்ளளவை அதால் வகுத்தால் ஒரு வருஷத்துக்கு மேலேயே வந்தது. அப்புறம் 7. மறுபடி 0.02. திடீரென்று 13. கம்பியை மாற்றினார். வேறு மீட்டர் இரவல் வாங்கினார், அது 4 என்றது. எதை நம்புவது என்று தெரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எண் நாலு நொடிக்கு ஒருமுறை குதிக்கிறது. மணிப்பெட்டி ஏதாவது சொல்கிறதா என்று கேட்க நாலு நொடிக்கு ஒருமுறை விழிக்கும்படி பட்டனைச் செய்ததே அவர்தான். கண்ணிமைக்கும் நேரத் துடிப்பு அது. மீட்டர் அதை முழுசாகப் பிடிக்க முடியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று அவர் ஹோல்ட் போட்டு எழுதியது, இரண்டு துடிப்புக்கு நடுவே பட்டன் தூங்கும்போது நின்ற எண்.

பட்டனுக்குக் குறுக்கே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களைச் சேர்த்தார். அவற்றுக்கும் பேட்டரிக்கும் நடுவே 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டார். தொட்டியில் குடம் குடமாக மொண்டாலும் தொட்டிக்கு வரும் குழாய் சீராக ஓடுமே, அந்தக் கணக்கு. ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்துக் காத்திருந்தார். 0.2 வோல்ட். இந்தத் தடவை நிஜமாகவே நின்றது. அதை 470-ஆல் வகுத்து, வந்த மின்சாரத்தால் பேட்டரியின் கொள்ளளவை வகுத்துப் பார்த்தார். பேட்டரியின் ஆயுள் இருபத்தொன்றரை நாள்.

கை ஹோல்டுக்குப் போகவில்லை. சோர்ந்த பேட்டரி சற்று ஓய்ந்தால் ஒருமுறை மணியை அடிக்கவைக்கும், சும்மா அளந்தால் மூன்று வோல்ட்டும் காட்டும் என்பது அவருக்குத் தெரியாததா? வெட்கமாக இருந்தது. கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தார்.

“நீ அமுக்கியிருக்கக்கா. பேட்டரி தீந்துபோச்சு. நான் அளந்ததுதான் தப்பு.”

அக்கா பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கத் தொடங்கினாள்.

“எண்ணிக்கிட்டே அமுக்கினேன்டா” என்றாள். “நாப்பத்தொரு தடவை.”