திரும்பிப் போன பனி லொறி

அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் செபம் மில்லிக்கன் பகுதியில் எங்கள் வீட்டில் நடந்தது. பின்னேரம் பனி கொட்டியது. "காரை ரோட்டிலயே விடுங்கோ, ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்று வந்தவர்களிடம் நான்தான் சொன்னேன். ஒடுங்கிய தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன.

பனி தள்ளும் நகரசபை லொறி வந்து ஹோர்ன் அடித்தது. செபமாலை நடுவில் நான் எழும்பவில்லை. உள்ளே வர இடமில்லாமல் லொறி திரும்பிப் போய்விட்டது.

விடிய, தெருவில் முழங்காலளவு பனி. முன்வீட்டு அன்ரிக்கு அன்று ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் நாள். தவறவிட முடியாது; ஏற்றிப் போக வான் வரும்.

"தம்பி, வான் உள்ளுக்கு வரேலாதாம். சந்தியில நிக்குதாம்" என்றார் அன்ரி.

நானும் மனைவியும் அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு தடவை சறுக்கினேன். அன்ரி என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உந்தச் சிற்றிக்காரருக்கு வரி கேக்க மட்டும் எங்கட தெரு தெரியும், என்ன தம்பி?"

"ஓம் அன்ரி" என்றேன்.

நல்லவேளை, வான் காத்து நின்றது.

இப்போது பனி என்றால், வருகிறவர்களின் கார்களைக் கடைகள் உள்ள பிளாசாவில் அனுமதி கேட்டு நிறுத்தச் செய்து, நானே அவர்களை ஏற்றி வருகிறேன். லொறி ஏன் திரும்பியது என்று அன்ரியிடம் இன்னும் சொல்லவில்லை. இதை நான் எழுதுகிற இந்தப் பத்திரிகையை அவரும் வாசிக்கிறவர்.