டிராம் வண்டியில் திரும்பாத சீட்டு

சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள்தான் நானும். கள்ளக்குறிச்சியில் பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறேன், இரண்டிலும் இந்தக் கதைக்கு இடமில்லை.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் டிராம். மெட்ராஸில் அதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது, நான் ஏறியதே இல்லை, இருந்தாலும் போட்டோவில் பார்த்தாலே மனசு உருகும். அப்படிப்பட்டவள் கண்ணில், கல்வராயன் மலை அடிவாரத்தில், மரவள்ளிக் கொல்லையில் உர மூட்டை போடும் கொட்டகையாக ஒரு டிராமே நின்றால் சும்மா விடுவேனா? சக்கரம் இல்லை, மோட்டார் இல்லை, மரக்கூடும் சீட்டுகளும்தான் மிச்சம். பழைய இரும்புக்காரருக்குப் போக இருந்ததைக் கெஞ்சி வாங்கி, லாரியில் ஏற்றி வந்து வீட்டுக்குப் பக்கத்து மனையில் இறக்கினேன்.

"இன்னா மேரி, பீரோ வெக்கவே எடமில்லாத வூட்டுக்கு டிராம் கொண்டாந்துக்கினு இருக்குற" என்று என் வீட்டுக்காரர் அந்தோணி கிண்டல் செய்தார். ஆனால் பெயின்ட் டப்பா வாங்கி வந்தது அவர்தான்.

அந்த சீட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிராமைத் திருப்ப மாட்டார்கள், வந்த வழியே பின்பக்கமாகப் போகும். அதனால் கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கியதும் கண்டக்டர் ஒவ்வொரு சீட்டின் சாய்மானத்தையும் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே போவார், முதுகு இருந்த இடம் முன்பக்கமாகிவிடும். ஆள் உட்கார்ந்திருக்கும் சீட்டைத் தள்ள முடியாது. எங்கள் வண்டியில் எல்லாமே துருப்பிடித்து இறுகிப்போய் மலையைப் பார்த்தபடி நின்றன. மெக்கானிக் இரண்டு பேர் எண்ணெய் விட்டு மல்லுக்கட்டியும் ஒன்றுகூட அசையவில்லை.

அன்று ஞாயிறு, மத்தியானம். மழை இருட்டிக்கொண்டு வந்தது, நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது படிக்கிற என் மகள் ஜெனி டிராமுக்குள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது கேட்டது, மரத்தில் மரம் மோதுகிற சத்தம். டக், டக், டக் என்று ஒரு கோடியிலிருந்து நிதானமாக நகர்ந்து வந்தது. நடுவில் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி டக், டக்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே அத்தனை சாய்மானமும் திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் ஜெனி மட்டும் மலையைப் பார்த்து விறைத்து உட்கார்ந்திருந்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே குதித்தேன்.

"காக்கி சட்ட மாமா என்ன எறங்க சொன்னாரும்மா" என்றாள். "எங்கம்மா வராம எறங்க மாட்டேன்னேன். வுட்டுட்டு அந்தாண்ட போய்ட்டாரு."

அந்தோணி உள்ளே போய் ஒரு சாய்மானத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பழையபடி இறுகிக் கிடந்தது. வெளியே வந்து, "நாளைக்கே இரும்புக்காரன வர சொல்றேன், ஒடச்சி எடுத்துக்கினு போவட்டும்" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

இரும்புக்காரர் வந்தார். வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இந்தாண்ட பாக்குது, ரெண்டு சீட்டு மட்டும் இன்னாங்க அந்தாண்ட பாக்குது?" என்று சும்மா கேட்டார்.

ஒன்று ஜெனி உட்கார்ந்திருந்தது. இன்னொன்று, அன்று பதற்றத்தில் நாங்கள் கவனிக்காதது, அவளுக்கு நேர் பின்னால்.

அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டிராம் ஆசை என்று அவர் நினைத்திருப்பார், அந்த ஆசையெல்லாம் அன்றோடு போய்விட்டது. ஆனாலும் இன்றுவரை கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறேன், வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறேன், உள்ளே மட்டும் யாரும் கால் வைப்பதில்லை. வண்டியை உடைத்தால் அந்தப் பின் சீட்டில் இருப்பது இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கினால் எங்கள் வாசலில்தான் இறங்கும்.